சுவரில் 22, மேசையில் 18

டொராண்டோவின் கிழக்குப் பகுதியான ஸ்கார்பரோவில் ஒரு ஜனவரி இரவு. வெளியே மைனஸ் 17 டிகிரி. எங்கள் வீட்டு நடைச் சுவரிலிருந்த தெர்மோஸ்டாட் 22 என்று காட்டியது. ஊரிலிருந்து வந்திருந்த அம்மா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு சால்வையையும் போர்த்திக்கொண்டு, "அந்தப் பெட்டி பொய் சொல்லுதுடா" என்றாள். ஒரு சின்ன வெப்பமானியை எடுத்துச் சாப்பாட்டு மேசைமேல் வைத்தேன். கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால், 18.

இந்த நான்கு டிகிரி எங்கே போனது? அதைக் கண்டுபிடிக்க, அந்தப் பெட்டி என்ன வேலை செய்கிறது என்று முதலில் தெரிய வேண்டும்.

தெர்மோஸ்டாட் வீட்டைச் சூடாக்குவதில்லை. அது கீழ்த்தளத்திலிருக்கும் ஃபர்னஸின் வேலை. தெர்மோஸ்டாட் ஒரு சுவிட்ச், அவ்வளவுதான். விளக்கு சுவிட்சை நம் விரல் போடுகிறது; இதைக் காற்றின் சூடு போடுகிறது. பெட்டியின் முகப்பைக் கழற்றினால் நாலைந்து மெல்லிய வண்ண வயர்கள் தெரியும். ஃபர்னஸுக்குள் இருக்கும் சிறு டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து 24 வோல்ட் மின்சாரம் சிவப்பு வயரில் வந்து காத்திருக்கும். அறை குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் சிவப்பை வெள்ளையோடு இணைக்கும். உடனே கீழே ஒரு சிறு விசிறி சுழன்று பழைய புகையை வெளியேற்றும், பற்றவைப்பான் செந்தணலாகும், எரிவாயு வால்வு திறந்து சுடர் பிடிக்கும். சிறிது நேரம் கழித்துப் பெரிய விசிறி ஓடி, காற்றுக் குழாய்கள் வழியே அறைகளுக்குச் சூடான காற்றை அனுப்பும். குறித்த வெப்பம் வந்ததும் இணைப்பு துண்டிக்கப்படும்.

சாதாரண ஃபர்னஸுக்கு எரிவது, அணைவது என்ற இரண்டே நிலைதான். சீக்கிரம் சூடாகட்டும் என்று 22-க்குப் பதில் 30 வைத்தாலும் சுடர் பெரிதாகாது. அதே வேகத்தில் ஏறி, 22-ஐத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கும்.

சூட்டைச் சுவிட்ச் எப்படி உணர்கிறது? பழைய பெட்டிகளில் ஒட்டவைத்த இரண்டு உலோகப் பட்டைகள் இருந்தன. ஒன்று அதிகம் விரியும், மற்றது குறைவாக விரியும். ஆகவே சூடு ஏறும்போது பட்டை வளையும். அதைச் சுருளாகச் சுற்றி, நுனியில் பாதரசம் உள்ள கண்ணாடிக் குமிழைப் பொருத்தினார்கள். சுருள் நகர, குமிழ் சாய, பாதரசம் ஓடிப்போய் இரு முனைகளையும் இணைக்கும். ஹென்றி டிரேஃபஸ் வடிவமைத்து ஹனிவெல் நிறுவனம் 1953-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த வட்டத் தெர்மோஸ்டாட் பல வீடுகளில் இன்னும் இப்படித்தான் வேலை செய்கிறது. அதைக் கழற்றுபவர்கள் குப்பையில் போடக் கூடாது, பாதரசம் நஞ்சு. புதிய பெட்டிகளில் சுருளும் இல்லை, குமிழும் இல்லை. வெப்பத்துக்கேற்ப மின்தடை மாறும் மிளகளவு தெர்மிஸ்டர் ஒன்று, அதைப் படிக்கும் சில்லு ஒன்று.

இந்தக் கருவியின் கதை ஒரு வகுப்பறையில் தொடங்கியது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் வைட்வாட்டர் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் வாரன் ஜான்சன் பாடம் நடத்திக்கொண்டிருக்கும்போது, பள்ளிப் பணியாளர் அடிக்கடி உள்ளே வருவார். அறை எவ்வளவு சூடாக இருக்கிறது என்று பார்த்துவிட்டு, கீழ்த்தளத்துக்குப் போய்க் காற்றுத் தடுப்பைத் திறப்பார் அல்லது மூடுவார். பாடம் கெடும். அறையின் வெப்பநிலையை மின்சாரத்தின் மூலம் கீழே இருப்பவருக்குத் தெரிவிக்கும் கருவிக்கு ஜான்சன் 1883-இல் காப்புரிமை பெற்றார். பணியாளர் மேலே ஏறி வருவது நின்றது.

ஆனால் ஒரு வித்தியாசம். பணியாளர் அறைக்குள் வந்தபோது ஜன்னலோரம் நடுங்கும் மாணவரும் அவர் கண்ணில் பட்டிருப்பார். பெட்டிக்கு அந்த வசதி இல்லை. தான் மாட்டப்பட்ட இடத்தின் காற்று மட்டுமே அதற்குத் தெரியும். வீட்டின் பேஸ்மென்டில் குடியிருப்பவர் குளிரில் விறைத்தாலும், மேல்தளத்துச் சுவர் கதகதப்பாக இருந்தால் ஃபர்னஸ் எரியாது.

எங்கள் வீட்டுக்கு வருவோம். 22-இல் இருந்த அளவை 26-க்கு உயர்த்தினேன். கிளிக் என்றொரு சத்தம். சற்று நேரத்தில் கீழே ஃபர்னஸ் உறுமியது. எளிய சோதனைதான், ஆனால் பாதி வழக்கு இதிலேயே முடிந்துவிடும். சுவிட்ச், வயர், ஃபர்னஸ் மூன்றும் நலம். கோளாறு பெட்டி சூட்டை உணரும் விதத்தில்.

ஃபர்னஸ் எரியாமல் இருந்திருந்தால் தேட வேண்டிய வரிசை வேறு. திரை மங்கியிருந்தால் பேட்டரியை மாற்ற வேண்டும். பிறகு பிரேக்கரும் ஃபர்னஸின் பக்கத்துச் சுவிட்சும் அணைந்திருக்கின்றனவா என்று பார்க்கலாம். ஃபர்னஸின் கதவு சரியாக மூடாவிட்டாலும் பாதுகாப்புச் சுவிட்ச் அதை ஓட விடாது. காற்று வடிகட்டியில் தூசு அடைத்திருந்தால், உள்ளே சூடு மிஞ்சி அது தானே அணைந்துவிடும். இத்தனைக்கும் பிறகு, தொழில் தெரிந்தவர் மின்சாரத்தை நிறுத்தி, சிவப்பையும் வெள்ளையையும் நேரடியாக இணைத்து, மீண்டும் மின்சாரம் கொடுத்துப் பார்ப்பார். ஃபர்னஸ் எரிந்தால் பழுது தெர்மோஸ்டாட்டில். எரியாவிட்டால் வயரிலோ ஃபர்னஸிலோ. சுவரோர மின் ஹீட்டர் உள்ள வீடுகளில் இதைச் செய்யவே கூடாது. அங்கே பெட்டிக்குள் வருவது பெரும்பாலும் 240 வோல்ட். எரிவாயு வாசனை வந்தால் எந்தச் சோதனையும் வேண்டாம். எல்லோரும் வெளியேறிவிட்டு, வெளியிலிருந்துதான் போன் செய்ய வேண்டும்.

எங்கள் பெட்டி ஏன் தவறாக உணர்ந்தது? வெயில் படும் சுவர், பக்கத்தில் விளக்கு, தொலைக்காட்சி, சூடான காற்று வரும் துவாரம் ஆகியவை வழக்கமான காரணங்கள். எங்கள் நடையில் எதுவும் இல்லை. மறுநாள் பழுதுபார்க்க வந்தவர் முகப்பைக் கழற்றியதும், "கையை வையுங்கள்" என்றார். வயர் வெளிவரும் துளை கட்டைவிரல் அளவு இருந்தது. அதிலிருந்து இளஞ்சூடான காற்று வந்தது. இலையுதிர்காலத்தில் பழைய வட்டப் பெட்டியை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டியபோது துளை பெரிதாகியிருக்கிறது. ஃபர்னஸ் அறையின் சூடு சுவருக்குள் ஏறிவந்து தெர்மிஸ்டரின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தது.

நெல்லிக்காய் அளவு புட்டிப் பசையை உருட்டித் துளையில் அடைத்தார். புதுப் பெட்டி வாங்கச் சொல்வார் என்று நினைத்திருந்த எனக்குச் செலவு அவர் வந்துபோன கூலி மட்டும்.

அரை மணி நேரத்தில் சுவரிலிருந்த எண் 21, 20, 19 என்று இறங்கியது. கீழே ஃபர்னஸ் எரியத் தொடங்கி, வெகுநேரம் நிற்கவில்லை. இரவு சாப்பிடும்போது சுவரிலும் 22, மேசையிலும் 22. அம்மா சால்வையை மட்டும் மடித்து வைத்தாள்.