‘அமீபா இருக்கு’ என்று எழுதிய சீட்டு

நாட்றாம்பாளையத்திலிருந்து அஞ்செட்டி வழியாக ஓசூர் கம்பெனி வேலைக்குப் போய்வருகிற ஒருவர், சட்டைப் பையிலிருந்து நான்கு சீட்டுகளை எடுத்துக் காட்டினார். ஒரே வருடத்தில் எடுத்த மலப் பரிசோதனைகள். நான்கிலும் ஒரே வரி: அமீபா சிஸ்ட் காணப்பட்டது. நான்கு முறையும் மெடிக்கல் ஷாப்பில் சீட்டை நீட்டி, ஐந்து நாள் மெட்ரோனிடசோல் வாங்கி விழுங்கியிருக்கிறார். எந்த அமீபா என்று சீட்டிலும் இல்லை, அவரும் கேட்கவில்லை. இப்படிப்பட்ட சீட்டுகளை இந்தப் பக்கத்தில் நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

குடலைத் துளைத்து ரத்தபேதியும் கல்லீரலில் சீழ்க்கட்டியும் உண்டாக்குவது என்டமீபா ஹிஸ்டோலிடிகா. அதே உருவத்தில், ஒரு தொல்லையும் தராமல் குடலில் குடியிருப்பது என்டமீபா டிஸ்பார். மைக்ராஸ்கோப்பில் இரண்டின் சிஸ்ட்டும், அதாவது ஓடு போர்த்திய அமீபாவும், ஒன்றுபோலத்தான் தெரியும். இவை வேறு வேறு என்று பிரெஞ்சு ஆய்வாளர் புரூம்ப்ட் 1925-லேயே சொன்னார். உலகம் ஒப்புக்கொள்ள 1993 ஆனது. மூன்றாவதாக மோஷ்கோவ்ஸ்கி என்று இன்னொரு அமீபாவும் உண்டு. புதுச்சேரி ஜிப்மரில் சுபாஷ் சந்திர பரிஜாவின் குழு மூன்றையும் பிசிஆர் முறையில் பிரித்துக் காட்டி 2005-லேயே எழுதிவிட்டது. மைக்ராஸ்கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு, அறிகுறியே இல்லாதவருக்கு மருந்து கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு மெக்சிகோவில் கூடிச் சொன்னது 1997-ல். நம் ஊர்ச் சீட்டுக்கு அந்தச் செய்தி இன்னும் வந்து சேரவில்லை.

பிசிஆர் போன்ற மரபணு முறை அப்படியென்ன செய்கிறது? கொம்பையும் நிறத்தையும் வைத்து மாட்டை அடையாளம் சொல்வது மைக்ராஸ்கோப் வேலை. காதில் குத்திய மஞ்சள் வில்லையின் எண்ணைப் படிப்பது மரபணு வேலை. மலத்திலுள்ள சிஸ்ட்டை உடைத்து டிஎன்ஏவைப் பிரித்து, அதில் ஒரு துண்டைப் பல கோடிப் பிரதி எடுத்து, அந்தத் துண்டின் எழுத்து வரிசையைப் படிக்கிறார்கள். கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டு எடுத்தார்களே, அந்தப் பிசிஆரின் உறவுதான்.

உடனே பெங்களூருக்கு ஓடாதீர்கள். வயிற்றுப்போக்குக்கு முழு பேனல் என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கறக்கும் இடங்கள் அங்கே உண்டு. அந்தப் பேனல் எந்தக் கிருமி என்று சொல்லும். அது எந்த ரகம், யாரிடமிருந்து வந்தது என்று சொல்லாது. தனி ஒருவருக்கு வேண்டியது அதைவிட மலிவானது: ஹிஸ்டோலிடிகாவை மட்டும் இனம் காணும் ஆன்டிஜென் சோதனை. டாக்டரிடம் அந்தப் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். ஹிஸ்டோலிடிகாதான் என்று உறுதியானாலும் மெட்ரோனிடசோல் மட்டும் போதாது. குடலில் தங்கிய சிஸ்ட்டை அழிக்கப் பின்னாலேயே இன்னொரு மருந்து வேண்டும். ஆக, கடைக்காரர் கொடுக்கும் ஐந்து நாள் மாத்திரை டிஸ்பாருக்கு வீண், ஹிஸ்டோலிடிகாவுக்கு அரைகுறை. பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் புழு மாத்திரையும் அமீபாவை ஒன்றும் செய்யாது. ஆனால் மலத்தில் ரத்தம், காய்ச்சல், வலது விலாவுக்குக் கீழே வலி இருந்தால் எந்தச் சோதனைக்கும் காத்திருக்காமல் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

சாம்பிள் கொடுப்பதில் நம் ஆட்கள் செய்யும் கோளாறு கொஞ்சமல்ல. காலையில் எடுத்த டப்பாவை மதியம் வரை பஸ்ஸில் சுமந்து போனால், நீர்த்த மலத்தில் நகரும் அமீபா அதற்குள் செத்திருக்கும். அரை மணி நேரத்துக்குள் பார்த்தால்தான் தெரியும். எனவே பரிசோதனைக்கூடத்துக்கே போய்க் கொடுங்கள். சிறுநீர் கலக்கக் கூடாது, தண்ணீர் படக் கூடாது. ஒரு தடவை இல்லை என்று வந்தால் இல்லை என்று அர்த்தமில்லை. ஒரு நாள் விட்டு ஒரு நாளாக மூன்று தடவை கொடுக்க வேண்டும். மருந்தை விழுங்கிவிட்டுச் சாம்பிள் கொடுப்பவர்களை என்ன சொல்வது! சாம்பிள் முதலில், மாத்திரை பிறகு. குழந்தைக்கு நாள்கணக்கில் நீர்த்துப் போனால் கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு குடல் கிருமியையும் பார்க்கச் சொல்லிச் சீட்டில் எழுதி வாங்குங்கள். அதற்குத் தனிச் சாயம் ஏற்ற வேண்டும். கேட்காமல் யாரும் ஏற்ற மாட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, மரபணு பார்க்க வேண்டிய சாம்பிளில் ஃபார்மலின் ஊற்றக் கூடாது. ஊற்றினால் டிஎன்ஏ கெட்டுப்போகும். ஐஸ் பெட்டியில் வைக்கலாம், எத்தனால் சேர்க்கலாம்.

ரகம் பிரிப்பதன் முழுப் பயன் தெரிவது, ஒரு தெருவே படுக்கும்போதுதான். 1993-ல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் குழாய்த் தண்ணீர் வழியாகக் கிரிப்டோஸ்போரிடியம் பரவி நான்கு லட்சம் பேர் வரை வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். முதலில் பழி விழுந்தது மாடுகள் மேல். பத்திரப்படுத்திய சாம்பிள்களின் மரபணுவைப் பின்னர் பார்த்தபோது, மனிதரிடையே பரவும் ரகம் என்று தெரிந்தது. வேலூர் சிஎம்சியில் ககன்தீப் காங் குழுவினர் குழந்தைகளிடம் ஆண்டுக்கணக்கில் பார்த்ததிலும், பெரும்பாலும் அகப்பட்டது மனிதரிடையே பரவும் ஹோமினிஸ்தான், மாட்டிலும் வாழும் பார்வம் அல்ல. பாட்டில் தண்ணீர் கொடுத்த குழந்தைகளுக்கும் தொற்று குறையவில்லை. கை, மலம், வாசல் என்று வழி பல. இங்கேயோ நோய் வந்ததும் ஒருவர் காவிரித் தண்ணீரைச் சொல்வார், இன்னொருவர் மாட்டுப்பட்டியைச் சொல்வார். அதிகாரி பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டு ஜீப் ஏறுவார். கிரிப்டோஸ்போரிடியம் குளோரினுக்குச் சாகாது ஐயா. குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகம் பாக்டீரியா பார்த்து ‘குடிக்க உகந்தது’ என்று எழுதினாலும், இந்தக் கிருமி அந்தக் கணக்கில் வராது.

ஆகவே ஒரே வாரத்தில் மூன்று நான்கு வீடுகளில் வயிற்றுப்போக்கு என்றால், வாய்ப்பேச்சோடு விடாமல் எழுதிக் கொடுங்கள். முதலில் கிராம சுகாதார செவிலியரிடமும் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடமும். நகல், கிருஷ்ணகிரி மாவட்ட சுகாதார அலுவலருக்கு, அதாவது நாம் சுகாதாரப் பணிகள் துணை இயக்குநர் என்று சொல்லிப் பழகிய அலுவலகத்துக்கு. அங்கேதான் நோய்க் கண்காணிப்புப் பிரிவு இருக்கிறது. மனுவில் இவை இருக்கட்டும்: எத்தனை வீடு, எத்தனை பேர், எந்தத் தேதியில் தொடங்கியது, எந்தத் தொட்டித் தண்ணீர், மாடு உண்டா, ஏற்கெனவே மருந்து எடுத்தவர் யார். கடைசியில் ஒரு வரி: ‘மருந்து கொடுக்கும் முன் மலச் சாம்பிள் எடுத்து, ஃபார்மலின் சேர்க்காமல் பாதுகாத்து, ரகம் காண அனுப்பக் கோருகிறோம்.’ ஃபார்மலின் சேர்க்காமல் என்பதற்கு அடிக்கோடு போடுங்கள். நீங்களே டப்பாவோடு வேலூருக்கோ புதுச்சேரிக்கோ பஸ் ஏறிப் பயனில்லை. அது அலுவலரின் கடிதத்தோடு போக வேண்டிய பொருள். மனு அசையாவிட்டால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாளில் கொடுத்து ரசீது எண் வாங்குங்கள். 104-க்கும் பேசலாம்.

சிகிச்சைப் பதிவேட்டின் நகலைக் கேட்டால் மருத்துவர் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. எழுத்தில் கேளுங்கள். பதிவு இல்லாமல் நடக்கும் பரிசோதனைக்கூடம் பற்றிய புகார், மருத்துவ ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கு. ஓசூர் கம்பெனியில் இஎஸ்ஐ பிடித்தம் உள்ளவர்கள் விடுப்புச் சம்பளத்துக்குத் தனியார் சீட்டை நம்ப வேண்டாம். இஎஸ்ஐ மருந்தகத்துக்கு முதல் நாளே போய்ச் சான்று வாங்குங்கள். பெங்களூரில் சோதித்தவர்கள் அதன் நகலை நம் சுகாதார நிலையத்தில் கொடுங்கள். எல்லைக்கு அந்தப் பக்கம் கண்ட நோய் இந்தப் பக்கம் யாருக்கும் தெரியாமல் போகக் கூடாது.

எடுத்த சாம்பிள் என்ன ஆனது என்று யாரும் சொல்லாவிட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, மாவட்ட சுகாதார அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். பதில் தர அவர்களுக்கு முப்பது நாள் அவகாசம். அந்த முப்பது நாளும் தண்ணீரைத் தளதளவென்று கொதிக்கவைத்து ஆறவைத்துக் குடியுங்கள். ஒரு நிமிடக் கொதி போதும், கிரிப்டோஸ்போரிடியம் செத்துவிடும்.