காக்கத்தியர்

காக்கத்தியர் என்போர் இன்றைய தெலங்கானா, ஆந்திரப் பிரதேச மாநிலங்களின் பெரும்பகுதியை 12ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் 1323 வரை ஆண்ட அரச மரபினர் ஆவர். காகதீயர் என்றும் இவர்கள் குறிப்பிடப்படுவதுண்டு. இவர்களது தலைநகரான ஓருகல்லு இன்று வாரங்கல் எனப்படுகிறது.

தோற்றம்

காக்கத்தியர் முதலில் இராட்டிரகூடருக்கும், பின்னர் மேலைச் சாளுக்கியருக்கும் கீழ்ப்பட்ட சிற்றரசர்களாக இருந்தனர். சாளுக்கியரின் வலிமை குன்றியபோது, அனுமகொண்டாவிலிருந்து ஆண்ட ருத்திரதேவன் தன்னுரிமை பெற்றான். அங்குள்ள ஆயிரங்கால் கோயிலின் 1163ஆம் ஆண்டுக் கல்வெட்டு அவனது வெற்றிகளைக் கூறுகிறது.

ஏரிகளும் வளர்ச்சியும்

தெலங்கானா மேட்டுநிலத்தில் மழையை மட்டும் நம்பி நெல் விளைவிக்க இயலாது. எனவே அரசரும் படைத்தலைவர்களும் மழைநீரைத் தேக்க ஏரிகளை அமைத்தனர். பாகால் ஏரியும் இராமப்பா ஏரியும் இவற்றுள் புகழ்பெற்றவை. காட்டு நிலம் வயலாக மாறியதால் வரி வருவாய் பெருகியது. அது படையைப் பெருக்க உதவியது.

கணபதிதேவன் (1199–1262) காலத்தில் அரசு கடற்கரை வரை விரிந்தது. புயலில் சிக்கிக் கரை ஒதுங்கும் கப்பல்களின் சரக்கைப் பறிமுதல் செய்யும் வழக்கத்தை நிறுத்தி, குறிப்பிட்ட சுங்கம் மட்டுமே வாங்கப்படும் என்று மோட்டுப்பள்ளித் துறைமுகக் கல்வெட்டின் வழியாக வணிகருக்கு அவன் உறுதியளித்தான். காஞ்சிபுரம் ஏகாம்பரநாதர் கோயிலிலும் அவனது கல்வெட்டு உள்ளது. அவனது படைத்தலைவன் ரேசர்ல ருத்திரன் 1213இல் கட்டிய இராமப்பா கோயில், 2021இல் உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

ருத்திரமாதேவி

ஆண் வாரிசு இல்லாத கணபதிதேவனுக்குப் பின் அவன் மகள் ருத்திரமாதேவி 1262இல் ஆட்சிக்கு வந்தாள். கல்வெட்டுகள் சில அவளை 'ருத்திரதேவ மகாராசா' என்று ஆண்பெயரால் குறிக்கின்றன. பழைய பிரபுக்கள் சிலர் எதிர்த்தபோது, எளிய குடியில் பிறந்த வீரர்களையும் அவள் படைத்தலைவர்களாக உயர்த்தினாள். படை அளிப்பதற்கு ஈடாக ஊர்களின் வருவாயைப் பெற்ற இத்தலைவர்கள் நாயக்கர் எனப்பட்டனர். இம்முறை நாயங்கரம் எனப்படும்.

நிலமும் படையும் தலைவர்கள் கையில் இருந்ததால், அவர்கள் பிரிந்தால் அரசு ஆட்டங்காணும் நிலை இருந்தது. கணபதிதேவன் உயர்த்திய காயஸ்தர் குலத்தின் அம்பதேவன் கிளர்ச்சி செய்தான். அவனுடன் நடந்த போரில் 1289இல் ருத்திரமாதேவி உயிரிழந்ததாகக் கருதப்படுகிறது.

வீழ்ச்சி

அவளது மகள் வயிற்றுப் பேரன் பிரதாபருத்திரன் கிளர்ச்சியை அடக்கினான். ஆயினும் தில்லி சுல்தான்களின் படையெடுப்புகள் தொடர்ந்தன. 1303இல் வந்த படை தோற்றுத் திரும்பியது. 1310இல் மாலிக் கபூரின் முற்றுகைக்குப் பின் யானைகளும் குதிரைகளும் பெருஞ்செல்வமும் கொடுத்து, ஆண்டுதோறும் திறை செலுத்தவும் பிரதாபருத்திரன் இசைந்தான். திறை நின்ற போதெல்லாம் படை வந்தது.

கில்ஜி ஆட்சி முடிந்து துக்ளக் மரபு தில்லியில் ஏறியதும் அவன் மீண்டும் திறையை நிறுத்தினான். பின்னாளில் முகம்மது பின் துக்ளக் என்று அறியப்பட்ட இளவரசன் உலுக்கான் முதல் முற்றுகையில் பின்வாங்கினாலும், 1323இல் திரும்பி வந்து கோட்டையைப் பிடித்தான். சிறைப்பட்ட பிரதாபருத்திரன் தில்லி செல்லும் வழியில் இறந்தான். வாரங்கல் 'சுல்தான்பூர்' எனப் பெயர் மாற்றப்பட்டது.

எஞ்சியவை

சில ஆண்டுகளிலேயே முசுனூரி நாயக்கர் தில்லி ஆட்சியை அங்கிருந்து அகற்றினர். ஆனால் காக்கத்தியர் அரசு மீளவில்லை. கோட்டை வீழ்ந்தாலும் ஏரிகள் நிலைத்தன. தெலங்கானா அரசு 2015இல் தொடங்கிய ஏரிச் சீரமைப்புத் திட்டத்துக்கு 'மிஷன் காகதீயா' என்று பெயரிட்டது இதனாலேயே.