இருட்டின் விலை

குடிப்பதற்காக மட்டும் யாரும் நட்சத்திர ஓட்டல் பாருக்குப் போவதில்லை. பிராந்தி தெருமுனை டாஸ்மாக்கிலேயே மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது. அப்படியெனில் அங்கே விற்கப்படுவது என்ன?

மங்கலான விளக்கு, நாலைந்து மேசை, தாழ்ந்த இசை, 'வழக்கமானதுதானே சார்?' என்று கேட்கும் பணியாளர். இவை சேர்ந்து உண்டாக்குவது ஓர் அந்தரங்கம். குடிப்பவர் ஊர்ப் பார்வையிலிருந்து தப்புகிறார். அதே சமயம் ஒருவரால் அடையாளம் காணப்படுகிறார். நகரக் கூட்டத்தில் இவ்விரண்டும் ஒருசேர வாய்ப்பது அபூர்வம். காக்டெயில் இதற்கேற்ற பண்டம். கண்ணெதிரே கலக்கப்படுகிறது, மெல்ல உறிஞ்சப்படுகிறது. விலை பானத்துக்கு என்பதைவிட உட்கார்ந்திருக்கும் உரிமைக்கு.

நம்ம ஊர்க் கடை வாசலில், கரும்பு வெட்டிவிட்டு வருகிறவர் குவார்ட்டரை நின்னவாக்குல ஊத்திக்கிட்டு வாயைத் துடைத்துக்கொண்டு கிளம்புகிறார். நேரமும் இல்லை, மறைவும் இல்லை. அவர் குடிப்பது ஊரறிந்தது. ஆகவே 'குடிகாரன்' என்ற சொல் அவருக்கு. ஓட்டல்காரர் 'டிரிங்க்ஸ் எடுத்துக்கொள்கிறவர்'.

சென்னையில் ஜெமினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் 2002இல் திறக்கப்பட்டது பார்க் ஓட்டல். அதன் பாருக்குப் பெயரே 'லெதர் பார்'. தரையில் தோல் பதித்திருந்தார்கள். ஊர் தீட்டென்று ஒதுக்கிய தோல் அங்கே சொகுசாகிறது, உரித்தவரும் பதனிட்டவரும் கண்ணில் படாததால். கோப்பைக்குள்ளும் இதே மறைப்புதான். இந்தியாவில் தயாராகும் பெரும்பாலான பிராந்தி, ரம் வகைகளுக்கு அடிப்படை, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸிலிருந்து வடித்த எரிசாராயம். கரும்பு, சேத்தியாத்தோப்பு போன்ற ஆலை ஊர்களின் உழைப்பு. 2004 முதல் வீராணம் ஏரித் தண்ணீரும் குழாய் வழியே சென்னைக்குப் போகிறது. கரும்பும் தண்ணீரும் இங்கே; மறைவு மட்டும் அங்கே.

2003இல் சில்லறை மது விற்பனை முழுவதையும் அரசின் டாஸ்மாக் எடுத்துக்கொண்டது. கடைகளின் முன் பெண்கள் மறியல் செய்கிறார்கள். அடி வாங்குகிறவர்களின் கோபம் நியாயமானது; அதன் பக்கம்தான் நாம் நிற்க வேண்டும். ஆனால் நம் முழக்கம், கண்ணுக்குத் தெரிகிற குடியை மட்டுமே குற்றமாக்கிவிடுகிறது. உழைத்தவர் அந்திப் பொழுதில் உட்கார ஒரு பெஞ்சு, பேச நாலு பேர், பெயர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள்: சாராயம் இல்லாமல் இதை எங்கே வைத்திருக்கிறோம்? பாரின் கவர்ச்சி மதுவில் மட்டும் இல்லையென்றால், அந்தப் பசி காசுள்ளவருக்கு மட்டும் உரியதும் இல்லை. கடையை மூடச் சொல்லும் நாம் இதற்கும் பதில் சொல்லியாக வேண்டும்.