உண்டிவில்லின் வேகத்தை ஒலியால் அளக்கலாம்

கிருஷ்ணகிரி மாந்தோப்புகளில் கிளி விரட்டும் உண்டிவில்லைப் பார்த்திருப்பீர்கள். அதிலிருந்து கிளம்பும் உருண்டையின் வேகம் என்ன? கடிகாரத்தை அழுத்துவதற்குள் அது இலக்கில் மோதிவிடும். துப்பாக்கிக் குண்டை ஒரு கனத்த ஊசலில் மோதவிட்டு, ஊசல் ஆடும் அளவிலிருந்து வேகம் காணும் முறையை 1742-இல் பெஞ்சமின் ராபின்ஸ் விளக்கினார். நமக்கு ஒரு தகரமும் கைபேசியும் போதும்.

தகரத்தை 10 மீட்டர் தொலைவில் நிறுத்துங்கள். எய்பவரின் காலடியில் கைபேசியை வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒலியலையைக் கணிப்பொறித் திரையில் விரித்தால் ரப்பர் விடுபடும் ஓசையும் தகரம் அதிரும் ஓசையும் இரு முகடுகளாகத் தெரியும். இடைவெளி 0.362 விநாடி எனக் கொள்வோம். 10-ஐ இதனால் வகுத்தால் 27.6. ஆனால் தகரத்தின் ஓசை நம்மிடம் வந்து சேரவும் நேரமாகும் அல்லவா? 25 பாகை செல்சியஸில் ஒலி விநாடிக்கு 346 மீட்டர் செல்லும். 10 மீட்டருக்கு 0.029 விநாடி. அதைக் கழித்தால் மீதி 0.333. ஆகவே உருண்டையின் சராசரி வேகம் விநாடிக்கு 30 மீட்டர், அதாவது மணிக்கு 108 கிலோமீட்டர்!

ஓசூர் ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் உள்ளதே, அங்கே காற்று மெலிந்திருக்குமே என்று கேட்கலாம். கேள்வி நல்லதுதான். ஆனால் அழுத்தமும் அடர்த்தியும் ஒரே விகிதத்தில் குறைந்தால் ஒலியின் வேகம் மாறாது. வெப்பநிலை மாறினால்தான் மாறும்.

கழித்தலே வேண்டாமென்றால் கைபேசியை இரண்டுக்கும் சமதொலைவில், ஓரமாக வையுங்கள். இரு ஓசைகளும் ஒரே அளவு தாமதித்து வரும்.

கல் வேண்டாம், களிமண் உருண்டையே போதும். தகரத்தின் பின்னால் மண்மேடு இருக்கட்டும், ஆள் நடமாட்டம் கூடாது. சிப்காட் பிரஸ் எந்திரங்களின் ஓசை கேட்கும் இடமும் உதவாது: எந்த முகடு தகரத்தினுடையது என்றே தெரியாது.