ரோடு பைக்: 1 கிலோ எடை குறைய இவ்வளவு செலவு செய்யணுமா? நெல்லை ரூட்டை வைத்தே ஒரு கணக்கு!

ரோடு பைக் என்றதும் மோட்டார் பைக் என்று நினைக்க வேண்டாம். வளைந்த ஹேண்டில்பாரும் ஒல்லி டயரும் கொண்ட பந்தய சைக்கிள்தான் அது. கடைக்குப் போனால் "இது கார்பன், வெயிட்டே இல்லை" என்பார்கள். விலையோ சில மடங்கு எகிறும். அந்த எடைக் குறைப்பு நமக்கு உண்மையிலேயே உதவுமா?

எந்த பாகம் எவ்வளவு எடை?

ஃபிரேம் மட்டும் தோராயமாக:
▪ ஸ்டீல்: சுமார் 2 கிலோ
▪ அலுமினியம்: 1.2 - 1.6 கிலோ
▪ கார்பன்: 0.8 - 1.2 கிலோ

இதைவிட மற்ற பாகங்கள்தான் அதிக எடை. டயர், டியூபோடு சேர்த்து இரண்டு சக்கரங்கள் சுமார் 3 கிலோ. கியர், செயின், பிரேக் எல்லாம் சேர்ந்து இரண்டரை முதல் 3 கிலோ. ஆக, ஃபிரேமை மட்டும் கார்பனுக்கு மாற்றினால் அரை கிலோ குறைவதே பெரிய விஷயம்.

சாதாரண அலுமினிய ரோடு பைக் 9 முதல் 11 கிலோ இருக்கும். சர்வதேசப் பந்தயங்களில் 6.8 கிலோவுக்குக் குறைவான சைக்கிளுக்கு அனுமதியே கிடையாது. 2000-ம் ஆண்டில் இருந்து இதுதான் விதி.

நம்ம ரூட்டில் என்ன ஆகும்?

கடல் மட்டத்தில் இருந்து நெல்லை சுமார் 47 மீட்டர் உயரம், அம்பாசமுத்திரம் 76 மீட்டர். மொத்த ஏற்றமே 30 மீட்டர்தான். இந்தச் சமதளத்தில் 1 கிலோ குறைந்தாலும் பெரிதாகத் தெரியாது. 30 கி.மீ. வேகத்தில் நம்மை அதிகம் இழுத்துப் பிடிப்பது எடை இல்லை, காற்று. ஆனி, ஆடியில் மேற்கே போனவர்களுக்கு இது நல்லாவே தெரியும்!

மலை ஏறினால் கதை வேறு. 65 கிலோ ஆள், 10 கிலோ சைக்கிள் என்றால் மொத்தம் 75 கிலோ. அதில் 1 கிலோ குறைந்தால் 1.3 சதவீதம். ஒரு மணி நேர ஏற்றத்தில் முக்கால் நிமிடம் மிச்சமாகும். போட்டியில் ஓட்டுபவருக்கு அது பெரிய லாபம். மற்றவர்களுக்கு?

அப்போ என்ன செய்யலாம்?

▪ முதலில் உடம்புக்கு ஏற்ற சைஸ் பாருங்க. குனிந்து வசதியாக ஓட்ட முடிந்தால் காற்றை எதிர்ப்பது சுலபம்.
▪ அடுத்து நல்ல டயர். மடக்கு டயர் போட்டால் ஜோடிக்கு 100 கிராமுக்கு மேல் குறையும், உருளவும் நன்றாக இருக்கும்.
▪ கம்பெனி சொல்லும் எடை பெரும்பாலும் பெடல் இல்லாமல் எடுத்தது. லக்கேஜ் தராசில் தொங்கவிட்டு நீங்களே பாருங்க.
▪ பிராண்ட் தெரியாத மலிவு கார்பன் ஹேண்டில்பார் வேண்டாம். ஓடும்போது உடைந்தால் உயிருக்கே ஆபத்து.
▪ முக்கால் லிட்டர் தண்ணீர் 750 கிராம். நெல்லை வெயிலில் அந்த எடையை மட்டும் குறைக்காதீங்க!