தலைக்கு மேலே ஒரு மின்விசிறி

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

விரிவுரை சற்றே நீளும்போது நம்மில் பலர் அண்ணாந்து பார்ப்பது மேலே சுழலும் மின்விசிறியைத்தான். பேராசிரியர்கள் மன்னிக்க வேண்டும். நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் நான் பார்ப்பது இறக்கைகளை அல்ல. அவற்றுக்கு மேலே கிண்ணம் மூடியிருக்கும் இடத்தை. ஏன் என்பதைச் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் ஊர் ஒலக்கூர். திண்டிவனத்திற்கு வடக்கே, செங்கற்பட்டு - விழுப்புரம் இரயில் பாதையில் இருக்கிறது. என் தந்தையார் கொத்தனாரோடு கட்டட வேலைக்குப் போகிறவர். எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான்தான் முதல். எங்களுக்கு முதலில் வந்த மின்விசிறி, 2011இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லாத் திட்டத்தில் மிக்சி, கிரைண்டரோடு கொடுத்த மேசை விசிறி. கூரை வீட்டுக்கு அதுவே பொருத்தம். ஓலைக்கூரையில் எதைத் தொங்கவிட முடியும்? பிறகு கூரை போய்த் தளம் வந்தது. தளம் வந்தால் தலைக்கு மேல் பேன் வேண்டும் என்று தங்கை பிடிவாதம் பிடித்தாள். ஆயா மட்டும், "காத்துக்கு எதுக்குடா கரண்டு? வேப்பமரம் செத்தா போச்சு?" என்று கேட்டார்.

நான் பதினொன்றாம் வகுப்புப் படித்த ஆண்டு, தை மாதத்தில், திண்டிவனம் கடைத்தெருவில் உள்ளவற்றுள் விலை குறைந்த ஒன்றை வாங்கினோம். மொபெட்டில் கொண்டு வரும் வழியில் இறக்கை ஒன்று இலேசாக வளைந்துவிட்டது. அப்பா கையாலேயே நிமிர்த்தினார். ஸ்டூல் மேல் அவர் நிற்க, சாமான்களை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுப்பது என் வேலை. எல்லாம் மாட்டி முடிந்த பிறகு அட்டைப்பெட்டியின் மூலையில் கொண்டை ஊசி போன்ற ஒரு சிறு கம்பி கிடந்தது. விசிறிதான் சுற்றுகிறதே, இது எதற்கு என்று நினைத்தேன். அன்றைக்கு என் ரப்பர் செருப்பின் வார் அறுந்திருந்தது. அந்தக் கம்பியைச் செருகி, அடியில் இரண்டு காலையும் விரித்து மடக்கிவிட்டேன். கச்சிதமாகப் பிடித்துக்கொண்டது. என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

சித்திரை மாதம் ஓர் இரவு விசிறி விழுந்தது. விழுந்தது ஆயாவின் கட்டிலின் மேல். தாம் சொன்ன வேப்பமரத்துக் காற்றுக்காக ஆயா அப்போதுதான் எழுந்து திண்ணைக்குப் போயிருந்தார். கட்டிலின் நடு நாடா இரண்டு அறுந்தது, ஓர் இறக்கை மடங்கியது, வேறொன்றும் இல்லை. மறுநாள் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் அண்ணன் வந்து, கட்டிலடியில் உருண்டு கிடந்த போல்ட்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதன் நுனியில் ஒரு துளை இருந்தது. "இதுல போட்ட பின் எங்கப்பா?" என்று கேட்டார். நான் வாசலைப் பார்த்தேன். செருப்பு அங்கேதான் கிடந்தது.

அந்தக் கம்பிக்கு ஸ்பிளிட் பின் என்று பெயர். விசிறி தொங்கும் முறையைச் சற்று விளக்கினால் அதன் அருமை புரியும். தளத்தில் உள்ள கொக்கியில் ஒரு ரப்பர் உருளை உட்காருகிறது. அந்த உருளையின் நடுவே ஒரு போல்ட் சென்று, தொங்கு குழாயின் தலையில் உள்ள இரும்பு வளையத்தைத் தாங்குகிறது. குழாயின் கீழ்முனையில் மற்றொரு போல்ட் மோட்டாரைத் தாங்குகிறது. நான்கைந்து கிலோ எடையும் இந்த இரண்டு போல்ட்டுகளை நம்பித்தான் இருக்கிறது. ஓடும் விசிறி இடைவிடாது அதிரும்; அதிர அதிர நட்டு தானாகவே கழன்று வரும். போல்ட்டின் துளையில் பின்னைச் செருகிக் காலை விரித்துவிட்டால், நட்டு எவ்வளவு தளர்ந்தாலும் கழன்று விழ முடியாது. எங்கள் விசிறியிலோ வளைந்த இறக்கையால் ஆட்டம் வேறு. நான்கு மாதம் தாங்கியதே பெரிது.

கொக்கி அசையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தளம் போட்ட அன்று, காங்கிரீட் கொட்டுவதற்கு முன்பே, அப்பா முறுக்குக் கம்பியை வளைத்து, அதன் இரண்டு காலையும் பக்கவாட்டில் மடக்கி, தளத்தின் கம்பிகளோடு கட்டுக்கம்பியால் இறுக்கிக் கட்டியிருந்தார். ஈரக் காங்கிரீட்டில் கொக்கியை வெறுமனே குத்திவிட்டுப் போகிறவர்களும் உண்டு. தளம் இறுகிய பிறகு ஒரு மணல் மூட்டையை அதில் ஒரு நாள் முழுதும் தொங்கவிட்டுப் பார்த்தார். பள்ளி இறுதி வகுப்பைத் தாண்டாத அவர் செய்த வேலை நின்றது. அறிவியல் பிரிவு எடுத்துப் படித்துக்கொண்டிருந்த நான் செய்த வேலை விழுந்தது.

நிற்க. விசிறி எப்படிக் குளிர்ச்சி தருகிறது? உண்மையில் அது காற்றைக் குளிர்விப்பதே இல்லை. மோட்டாருக்குள் போகும் மின்சாரம் எல்லாம் முடிவில் அறையில் வெப்பமாகத்தான் சேர்கிறது. நம் தோலை ஒட்டி, வியர்வையின் ஈரம் நிறைந்த ஒரு காற்றுப்படலம் நிற்கிறது. விசிறி அதைத் தள்ளிவிட்டு உலர்ந்த காற்றைக் கொண்டு வருகிறது. வியர்வை ஆவியாகிறது. ஒரு கிராம் வியர்வை ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பம் வேண்டும். அதை நம் உடலிலிருந்துதான் எடுக்கிறது. ஆகவே ஆளில்லாத அறையில் விசிறியை ஓடவிடுவது அறையைச் சூடாக்கும் வேலையே. வெயில் 40 டிகிரி செல்சியசைத் தாண்டினால் விசிறியை நம்பவேண்டாம், அது உடலுக்கு வெப்பத்தையே சேர்க்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தகரம் அல்லது சிமெண்ட் ஷீட் வேய்ந்த வீடுகளில் இதைக் கண்கூடாகக் காணலாம். ஷீட்டின் அடியில் தங்கிய அனலை விசிறி நம் தலையில் கொட்டும். அப்படிப்பட்ட வீட்டில் விசிறியை ஷீட்டில் தொங்கவிடக்கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. சுவருக்குச் சுவர் போட்ட இரும்புக் குழாயிலோ உத்திரத்திலோதான் மாட்ட வேண்டும்.

வெள்ளையர் காலத்தில் கச்சேரிகளிலும் பங்களாக்களிலும் மேலே ஒரு துணித்தட்டி தொங்கும். வெளியே ஒருவர் உட்கார்ந்து கயிற்றை இழுத்துக்கொண்டே இருப்பார். அதுதான் பங்கா. தமக்குக் காற்று வராத இடத்தில் அமர்ந்து பிறர்க்குக் காற்று வீசியவர் அவர். 1880களில் அமெரிக்காவில் பிலிப் டீல் என்பவர் தையல் எந்திர மோட்டாரில் இறக்கையைப் பூட்டிக் கூரையில் தொங்கவிட்டார். நம் வீட்டு விசிறிக்கு அவரே முன்னோடி.

இன்றுள்ள சாதாரண விசிறியில் இருப்பது தூண்டல் மோட்டார். உள்ளே சுருள்கள் நிற்கும், வெளிக்கூடு சுற்றும். சுருள்கள் 14 துருவங்களாக அமைந்திருந்தால், 50 சுழற்சி மின்சாரத்தில் காந்தப்புலம் நிமிடத்திற்கு 428 முறை சுழலும். விசிறி அதைத் துரத்தியபடி சற்றுப் பின்தங்கியே ஓடும். ஒற்றைக் கட்ட மின்சாரத்தில் மோட்டார் தானே கிளம்பாது ஆகையால், இரண்டாவது சுருளோடு 2.5 மைக்ரோபாரட் அளவில் ஒரு மின்தேக்கி வைத்திருப்பார்கள். கண்டென்சர் என்று கடையில் கேட்டால் தருவார்கள். விசிறி மெதுவாகச் சுற்றினால், அல்லது கையால் தள்ளினால்தான் கிளம்புகிறது என்றால், பெரும்பாலும் பழுது இதில்தான். புது மோட்டார் வாங்கச் சொல்கிறவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்! கண்டென்சரை மாற்றும்போது ஒயரை இடம் மாற்றிக் கொடுத்தால் விசிறி எதிர்த்திசையில் சுற்றி, காற்று மேலே போகும். பயப்பட வேண்டாம், ஒயரைத் திருப்பிக் கொடுத்தால் போதும்.

இனி வாங்குவதைப் பற்றி. பத்தடிக்குப் பத்தடி அறைக்கு 1200 மில்லிமீட்டர், அதாவது 48 அங்குல வீச்சு போதும். சமையலறை, சிறிய அறைகளுக்கு 900 போதுமானது. கடையில் எல்லோரும் சுற்றும் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். கேட்க வேண்டியது, நிமிடத்திற்கு எத்தனை கனமீட்டர் காற்று, அதற்கு எத்தனை வாட் என்பதே. முன்னதைப் பின்னதால் வகுத்தால் வருவதை வைத்துத்தான் நட்சத்திரம் தருகிறார்கள். 2023 சனவரி முதல் தேதியிலிருந்து மின்விசிறிகளுக்கு நட்சத்திர முத்திரை கட்டாயமாயிற்று. 1200 வீச்சுக்கு இந்த ஈவு குறைந்தது 4 இருந்தால் ஒரு நட்சத்திரம். 6 இருந்தால் ஐந்து. 210 கனமீட்டர் காற்றை 35 வாட்டில் தருவது ஐந்து நட்சத்திர விசிறி. எங்கள் பழைய விசிறி 75 வாட். அதே காற்றைத் தருவதாக வைத்துக்கொண்டாலும் ஈவு 2.8தான். தேர்வு எழுதியிருந்தால் தோல்வி.

ஐந்து நட்சத்திரம் பெறுபவற்றுள் பல, நிலைக்காந்தமும் மின்னணுப் பலகையும் கொண்ட பி.எல்.டி.சி. வகை. விலை ஏறத்தாழ இருமடங்கு. 2024இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் அரசுப் பள்ளி மாணவர்களாகிய எங்களுக்கு மாதம் 1000 ரூபாய் வருகிறது. மூன்று மாதப் பணத்தைச் சேர்த்துத் தங்கை படிக்கும் அறைக்கு அவ்வகையில் ஒன்று வாங்கினேன். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் 75 வாட் விசிறி இரண்டு மாதத்தில் 54 யூனிட் தின்னும்; 30 வாட் விசிறி 22 யூனிட்டுக்கும் குறைவு. 2016இல் தந்த 100 யூனிட் இலவசத்தைத் தாண்டாமலிருக்க அம்மா படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இந்தக் கணக்கு எளிதில் புரியும். மாலையில் எங்கள் தெருவில் மின்னழுத்தம் குறைந்து பழைய விசிறி சோர்ந்துவிடும், இது சோர்வதில்லை. குறையும் உண்டு. பலகை கெட்டால் ஊர்ச் சுருள் கட்டுபவரால் ஒன்றும் செய்ய முடியாது. இதைச் சுவர் ரெகுலேட்டர் வழியாக இணைக்கவும் கூடாது.

மாட்டும்போது சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. மெயினையே அணைக்க வேண்டும். சுவிட்ச் நியூட்ரல் ஒயரில் இருக்கும் வீடுகள் நம் ஊர்களில் எத்தனையோ! இறக்கைக்கும் தரைக்கும் 2.3 மீட்டருக்குக் குறையாமல், அதாவது ஏழரை அடிக்கு மேல், இருக்க வேண்டும். இறக்கைக்கும் தளத்திற்கும் ஓர் அடியாவது இருந்தால்தான் மேலிருந்து காற்று இறங்கும். தளத்தை ஒட்டி மாட்டினால் விசிறி சுற்றும், காற்றுதான் வராது. ஆட்டம் இருந்தால், சுவரில் ஓர் அடையாளம் வைத்து, ஒவ்வோர் இறக்கையின் நுனியும் அதற்கு நேராக அதே உயரத்தில் வருகிறதா என்று அளவுகோலால் பாருங்கள். மாறுபடுவதே குற்றவாளி. ஒரு விசிறியின் இறக்கையை வேறொரு விசிறிக்குப் போடாதீர்கள். எடை பொருந்தும்படி சேர்த்துத்தான் பெட்டியில் வைக்கிறார்கள். எல்லாம் முடிந்ததும் பெட்டியைத் தலைகீழாகத் தட்டிப் பாருங்கள்.

பழைய விசிறிக்குப் புது இறக்கைகள் போட்டு மீண்டும் கூடத்தில் மாட்டினோம். இம்முறை ஸ்டூலில் ஏறியவன் நான். ஆண்டுதோறும் போகிக்கு முன்னால் இறக்கைத் தூசியைத் துடைக்கும்போது மேற்கிண்ணத்தை இறக்கிப் பார்ப்பேன். கீழே ஆயா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். "ஊசி இருக்குதாடா?" என்பார். இருக்கிறது என்று சொன்ன பிறகும், கட்டிலைச் சுவர்ப்பக்கமாக ஒரு முழம் இழுத்துப் போட்டுக்கொள்வார்.