பின்னல் நுனிக்கு என்ன வயது?

ஐப்பசி மாதம். விருத்தாசலத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டை போகும் சாலையில் இருக்கிறது மங்கலம்பேட்டை. பள்ளி விடும் நேரத்தில் அங்கே மழை பிடித்துக்கொண்டது என்று வைத்துக்கொள்வோம். இரட்டைப் பின்னல் போட்ட சிறுமி ஒருத்தி நனைந்தபடி வீட்டுக்கு ஓடி வருகிறாள். பாட்டி துண்டெடுத்துத் துவட்டுகிறார். உச்சந்தலை காய்ந்த பிறகும் பின்னல் நுனியில் ஈரம் ஊறிக்கிடக்கிறது. பின்னலுக்குள் காற்றுப் புகாதது ஒரு காரணம். நுனிக்கு வயதாகிவிட்டது என்பது இன்னொரு காரணம்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 செ.மீ. வளரும். 60 செ.மீ. நீளப் பின்னல் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதன் நுனி 5 ஆண்டுகளுக்கு முன்பு முளைத்தது. ஐந்து மழைக்காலம் பார்த்த முடி அது!

முளைக்கும்போதே முடி மழைச்சட்டை போட்டுக்கொண்டுதான் வருகிறது. அதன் மேல்புறத்தில் நுண்ணிய செதில்கள், ஓட்டு வீட்டின் ஓடுகளைப் போல ஒன்றின்மேல் ஒன்று படிந்திருக்கும். அந்தச் செதில்களின் மேல் மிக மெல்லிய கொழுப்புப் படலம் ஒட்டியிருக்கும். தாமரை இலையின் மெழுகு நீரை உருட்டிவிடுகிறதே, அதே போல இந்தக் கொழுப்பும் நீரை விலக்கும். ஆண்டுகள் போகப் போக வெயில், தேய்ப்பு, ஷாம்பு, எல்லாவற்றையும்விட மோசமான, முடியை வெளுக்கும் ரசாயனம், இவற்றால் அந்தப் படலம் போய்விடும். அப்புறம் நீர் தாராளமாக உள்ளே போகும். முடி தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் வரை நீரைக் குடித்துப் பருக்கும், காய்ந்ததும் சுருங்கும். பருத்துச் சுருங்கியே செதில்கள் பெயர்ந்துவிடும்.

குளிக்கும் முன் பாட்டி தேங்காய் எண்ணெய் தடவுவது இங்கேதான் உதவுகிறது. மும்பை ஆய்வாளர்கள் 2003-இல் வெளியிட்ட ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் கழுவிப் போவதைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. அதிலுள்ள லாரிக் அமிலத்தின் மூலக்கூறு சிறியது, நேரானது. அதனால் முடிக்குள் நுழைந்து நீருக்கு இடம் கொடுக்காமல் இருந்துவிடுகிறது. பாட்டியின் கைப்பழக்கம் சோதனைச் சாலையிலும் தேறிவிட்டது!

முடிக்குச் செயற்கைச் சட்டை போடுவதும் உண்டு. பழனியிலும் திருப்பதியிலும் மொட்டையடித்த முடி ஏலத்தில் விலைபோய், விக் ஆகிறது. அடியும் நுனியும் மாறிக் கலந்த முடியில் செதில்கள் எதிரெதிராக நின்று சிக்கு விழும். அதனால் அமிலத்தில் முக்கிச் செதில்களையே நீக்கிவிட்டு, சிலிக்கோன் பூசுகிறார்கள். மணலில் உள்ள சிலிக்கனும் ஆக்சிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலிதான் சிலிக்கோன். நீர் அதில் ஒட்டாது. புது விக் பளபளக்கும். ஆனால் கழுவக் கழுவப் பூச்சு தேய்ந்துபோய், முடி முரடாகிவிடும். பிறவிச் சட்டைக்கு ஈடான பூச்சு எதுவும் இல்லை என்பது என் முடிவு. வீட்டில் கண்டிஷனர் புட்டி இருந்தால் அதன் ஒட்டுச்சீட்டில் 'டைமெத்திகோன்' என்ற பெயரைத் தேடுங்கள். அது சிலிக்கோன் வகைதான்.

மனித முடிக்கு மாறாக, பொம்மையின் நைலான் முடிக்குச் செதிலே கிடையாது. அது நீரைக் கொஞ்சமாகத்தான் குடிக்கும்.

சீப்பில் சிக்கிய முடியை இரண்டு கற்றையாக்குங்கள். ஒன்றைச் சீயக்காய் போட்டு அலசிக் காயவையுங்கள், மற்றதில் எண்ணெய் தடவுங்கள். இரண்டிலும் ஒவ்வொரு சொட்டு நீர் விடுங்கள். எதில் சொட்டு உருண்டு நிற்கிறது, எதில் பரவுகிறது என்று பார்த்து எங்களுக்கு எழுதுங்கள்.